பீலித் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும்

என் இடது கண்ணைக் கெடுத்தவன் பதுளையில் இன்னும் கடை வைத்திருக்கிறான். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. நான் பள்ளிக்கூட வாத்தியார். பெரியவர்களை மரியாதையாக எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவன். இந்த ஒரு ஆளுக்கு மட்டும் என்னால் அது முடியவில்லை. முடிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

கண்ணைப் பற்றி நாலு பேருக்குத் தெரியட்டும் என்று இதை எழுதுவதாகச் சொன்னால் அது பாதிதான் உண்மை. அவனைப் பழிவாங்க நான் மூன்று வருடம் என்ன செய்தேன், கடைசியில் என்ன நடந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அதுதான் மீதிப் பாதி. எனக்கு அந்தப் பாதிதான் பெரிது.

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறையில் பஸ் ஏறிப் போய் இறங்கி, பிறகு ஒரு மணி நேரம் மேல்நோக்கி நடக்க வேண்டிய உயரத்தில் இருக்கிறது. அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். இரண்டு பேரும் கையெழுத்துக்குப் பெருவிரலை உருட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் எழுத்தைப் பார்த்து இது இன்னது என்று சொன்ன முதல் ஆள் நான். அதனால் எங்கள் லயத்து வரிசையில் உள்ள எட்டுக் காம்பிராவுக்கும், எட்டு ஒற்றையறை வீட்டுக்கும், நான்தான் வாசிக்கிறவன். மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது, அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த கடிதம் என்ன சொல்கிறது, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் எந்தத் தாளில் கையெழுத்து வைக்கிறார்கள், எல்லாம் என்னிடம்தான் வரும். வாசிக்காமல் எதிலும் விரல் வைக்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறவனும் நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அது எங்கே தொடங்குகிறது என்று பிறகு தெரியும்.

ஆறாம் வகுப்பில் எனக்குக் கண்ணாடி வந்தது. குறும்பார்வை. கண்கோளம் இருக்க வேண்டிய நீளத்தைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டால் தூரத்துப் பொருளின் ஒளி விழித்திரையில் போய் விழாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடும். பத்தடி தள்ளி நிற்கும் மனிதன் புகையாகத் தெரிவான். அந்தக் காரணம் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தபோதுதான் தெரிந்தது. அதுவரைக்கும் எனக்குத் தெரிந்ததெல்லாம் சோடாப்புட்டி என்ற பெயர்தான்.

படிப்பதற்குச் சோடாப்புட்டி பரவாயில்லை. வொலிபோலுக்கு ஆகாது. எங்கள் தோட்டத்தில் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் வருடம் இரண்டு முறை போட்டி நடக்கும். அதில் ஆடாத இளவட்டத்தை ஒருவரும் ஆளாக மதிக்க மாட்டார்கள். நான் மேல் டிவிசன். பந்து இரண்டு தடவை என் கண்ணாடியை உடைத்தது. மூன்றாம் தடவை எங்கள் கப்டன் என்னை வெளியே இழுத்துவிட்டான்.

"சோடாப்புட்டி, நீ ஓரமா நின்னு பாயிண்ட் எழுதுடா. படிச்சவன்தானே."

"ஒரு கேம் குடுத்துப் பாரு மச்சான்."

"குடுப்பேன். பந்து எது, கப்டன் மண்ட எதுன்னு ஒனக்குத் தெரியணுமே!"

மைதானமே சிரித்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் நியமனம் கிடைத்த முதல் சம்பளத்தில் நான் பதுளைக்குப் போய், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் கேட்டது இதற்காகத்தான். தொண்ணூறுகள் முடிந்து இரண்டாயிரம் தொடங்கியிருந்த சமயம். எங்கள் பக்கத்தில் லென்ஸ் என்பது கேள்விப்பட்ட பொருளாக மட்டும் இருந்தது.

கடை ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில். மரப்படி ஏறிப் போக வேண்டும். உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். டாக்டர் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் ஒரு இளம்பெண் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அவனை முதலாளி என்று கூப்பிட்டபோதுதான் வெறும் கடைக்காரன் என்று புரிந்தது. அப்போதே இறங்கியிருக்கலாம்.

"எந்தத் தோட்டம் தம்பி?"

சொன்னேன்.

"அட, நம்ம ஆளு! நானும் லயத்துல பொறந்து வந்தவன்தான். இப்ப இந்தக் கோட்டுப் போட்டிருக்கேன்னு பாக்காத. ஒனக்குன்னா நான் பாத்துப் பண்ண மாட்டேனா?"

அந்த 'நம்ம ஆளு' என்னை உட்கார வைத்தது. அரை மணி நேரத்தில் இரண்டு கண்ணிலும் லென்ஸ் இருந்தது. கண்ணைச் சோதிக்கவில்லை. என் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு கணக்கில் எடுத்துக்கொடுத்தான். அந்தப் பெண் பெட்டியைத் திறந்தபோது பலதடவை மடித்த சின்ன எழுத்துத் தாள் ஒன்று விழுந்தது. அதை எடுத்து அவள் குப்பைக் கூடையில் போட்டாள்.

"அது என்ன தாள்?" என்று கேட்டேன்.

"அது கம்பனிக்காரன் போடுறது. நமக்கு எதுக்கு?" என்றான் அவன். "நான் சொல்றதக் கேளு. டவுன் பைப் தண்ணிதான் ஆகாது, அதுல மருந்து அடிக்கிறான். ஒங்க பீலித் தண்ணி இருக்கே, அது இளநி மாதிரி. அதுல ஒரு சிட்டிகை உப்பப் போட்டு லென்ஸ ஊற வையி. அவ்வளவுதான்."

"தூங்கும்போது கழட்டணுமா?"

"கழட்டுனாலும் சரி, கழட்டாட்டியும் சரி. மெத்துன்னு கெடக்கும். ஒரு வருசத்துக்கு நீ என் கடப் பக்கமே வர வேணாம்."

உலகத்துத் தாளையெல்லாம் வாசிப்பவன், என் கண்ணுக்கு வந்த ஒரே தாளைக் கூடையில் விட்டுவிட்டு வந்தேன்.

பீலித் தண்ணீரைப் பற்றி வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். மலை ஊற்றைத் தகரமோ மூங்கிலோ வைத்துத் திருப்பிவிட்ட இடம்தான் பீலி. லயமே அதில் குளிக்கிறது, அதைத்தான் குடிக்கிறது. எங்களிடம் இருப்பதில் துரைமாரிடமும் டவுன்காரரிடமும் இல்லாதது அது ஒன்றுதான் என்று எங்களுக்குப் பெருமை. பசறைச் சந்தைக்குப் போய் வந்தால் முதல் வேலையாகப் பீலியில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, "இந்தத் தண்ணிக்கு ஈடு வருமா?" என்று கேட்காத ஆள் கிடையாது. அமீபாவின் படத்தைப் பரீட்சைக்காக எத்தனையோ தடவை வரைந்து பெயர் குறித்தவன் நான். நன்னீரில் வாழும் என்றும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த அமீபா புத்தகத்துக் குளத்தில் இருந்தது. எங்கள் பீலியில் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தத் தவறை எங்கள் ஆட்கள்தான் செய்ய முடியும். அந்தப் பெருமை அவனுக்குத் தெரியும். அதனால்தான் பீலியைப் புகழ்ந்தான்.

அம்மாவுக்கு லென்ஸைக் கண்டாலே பயம்.

"உள்ள நழுவிப் போயி மூளையில ஒட்டிக்கிட்டா என்னடா செய்யிறது?"

"போகாதும்மா. இமைக்கு உள்பக்கத் தோல் மடங்கி வந்து கண்ணோட சேந்திருக்கு. பை மாதிரி. பின்னால வழி கெடையாது."

"நீ கண்டியா வழி இல்லைன்னு?"

"படிச்சிருக்கேம்மா."

"ஆமா, படிச்ச."

ஏழு வாரம் நான் வொலிபோல் ஆடினேன். பந்து வலையைத் தாண்டும்போது அதன் தையல்கூடத் தெரிந்தது. கப்டன் என்னைச் சோடாப்புட்டி என்று கூப்பிடுவதை விட்டான். லென்ஸை ஜாம் போத்தல் மூடியில், பீலித் தண்ணீரும் உப்பும் விட்டு வைத்தேன். எட்டுப் பேர் படுக்கும் காம்பிராவில் மூடியை யாராவது தட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் பல நாள் கழற்றாமலே தூங்கினேன். மைதானத் தூசி போனால் பீலியில் முகத்தை நீட்டிக் கண்ணைத் திறந்து கழுவினேன். இதில் ஒவ்வொன்றும் தவறு. அப்போது ஒவ்வொன்றும் சுத்தமாக இருப்பதாகவே எனக்குப் பட்டது.

எட்டாம் வாரம் இடது கண் சிவந்தது. மறுநாள் வெளிச்சம் பட்டால் ஊசி குத்தியது. மூன்றாம் நாள் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்தினேன். அடுத்த காம்பிராவில் பிள்ளை பெற்றிருந்தவரிடம் அம்மா சங்கில் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டார். கண் நோவுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் வைத்தியம். தோட்டத்து டிஸ்பென்சரியில் களிம்பு கொடுத்தார்கள். இப்படியே பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாள்தான் என் கண்.

பதுளை ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. தாடையை ஒரு இயந்திரத்தில் வைக்கச் சொல்லி, மெல்லிய வெளிச்சக் கீற்றைக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார்.

"என்ன தண்ணியிலை கழுவினனீர்?"

"பீலித் தண்ணி டாக்டர்."

"நித்திரை கொள்ளேக்கையும் போட்டிருந்தனீரோ?"

"ஆமாங்க."

"நீர் என்ன வேலை?"

"வாத்தியார்."

"என்ன பாடம்?"

"விஞ்ஞானம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு ஒரு துண்டுத் தாளில் கண்ணை வரைந்து காட்டினார். எல்லாவற்றுக்கும் முன்னால், கடிகாரத்துக் கண்ணாடி போல வளைந்து இருப்பது விழிவெண்படலம். அரை மில்லிமீட்டர்தான் தடிப்பு. அதற்குள் ஐந்து படை. அதற்குப் பின்னால் கண்ணுக்கு நிறம் தரும் கதிராளி, நடுவில் துளையாகக் கண்மணி, அதற்குப் பின்னால் நம்முடைய சொந்த வில்லை, கடைசியில் விழித்திரை. பரீட்சையில் நான் வரைந்த அதே படம். புத்தகம் அழுத்திச் சொல்லாததை அவர் சொன்னார். விழிவெண்படலத்தில் ஒரு இரத்தக் குழாய்கூட இல்லை. இருந்தால் ஊடாகப் பார்க்க முடியாது. ஆகவே அது காற்றிலிருந்து, கண்ணீர் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. லென்ஸ் போட்டுத் தூங்குவது ஏற்கெனவே மூடிய கதவின் இடுக்கிலும் துணியை அடைப்பது மாதிரி. மூச்சு முட்டிய தோல் பலவீனப்பட்டு இலேசில் கீறும். அந்தக் கீறல் வழியாகத் தண்ணீரில் இருந்த அமீபா உள்ளே போய்விட்டது. இரத்தம் இல்லாத இடமானதால் அதை எதிர்க்கவும் ஆள் குறைவு. நரம்பு மட்டும் ஏராளம். அதனால்தான் அந்த வலி.

"உப்புப் போட்டால் அது சாகாதா டாக்டர்?"

"ஒரு சிட்டிகை உப்பு அதுக்கு ஒண்டும் செய்யாது தம்பி. இதுக்கெண்டு மருந்துத் தண்ணி இருக்கு. அதிலைதான் கழுவவேணும், ஒவ்வொரு நாளும் புதுசா. உமக்குத் தந்தது மாசத்துக்கு ஒருக்கா எறியிற வகை. ஆர் வித்தது?"

கொழும்புக்கு அனுப்பினார்கள். மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. அமீபா செத்தது, இடம் வெள்ளைத் தழும்பாகிப் போனது. நீராவி படிந்த ஜன்னல் போல அல்ல, சுண்ணாம்பு அடித்த ஜன்னல் போல. கண் தானம் செய்த யாரோ ஒருவரின் விழிவெண்படலத்தை வைத்துத் தைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் அதுவும் மங்கியது. பின்னால் இருக்கும் கண்மணியும் வில்லையும் விழித்திரையும் பழுதில்லை. முன்கதவு மட்டும் அடைபட்டுவிட்டது. இடது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் நிழல் அசைவது தெரியும். அவ்வளவுதான் இப்போது. வலது கண்ணும் அதே தண்ணீரில்தான் கிடந்தது. அது தப்பியதற்குக் காரணம் எனக்குத் தெரியாது.

கொழும்பில் கட்டு அவிழ்த்து ஊர் திரும்பிய வாரம் அப்பாவுடன் அந்தக் கடைக்குப் போனேன். பணம் கேட்கப் போகவில்லை. 'தெரியாமல் சொல்லிவிட்டேன்' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரலாம் என்று அப்பாதான் கூப்பிட்டார். அவருக்கு அது போதும். அவன் என் கண்ணைப் பார்த்தான். பிறகு கடையில் இருந்தவர்களைப் பார்த்தான்.

"நான் வித்தேன்னு பில் இருக்கா?"

பில் கொடுக்கவில்லை அவன்.

"லயத்துப் பீலியில கழுவுனா கண்ணு அவியாம என்ன செய்யும்? மாடு குளிக்கும், பீத்துணி அலசுவீங்க. அதுல லென்ஸப் போட்டுட்டு என்கிட்ட வந்து நிக்கிறீங்க. சுத்தபத்தம் தெரியாத ஆளுங்களுக்கு இதெல்லாம் குடுத்தது என் தப்புதான்."

இளநி என்று சொன்ன அதே வாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் முழங்கையைப் பிடித்தார். இன்னொரு கையை நெஞ்சில் வைத்துக் குனிந்து, "சரிங்க ஐயா" என்றார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரை ஏசும்போது சொல்லும் அதே சரிங்க. நாற்பது வருடமாக அவருக்குப் பழகிய சொல். படியிறங்கி பஸ் ஏறும்வரைக்கும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கண் போனதைக்கூட நான் விட்டிருப்பேனோ என்னவோ. அந்தச் சரிங்கவை விடுவதில்லை என்று அன்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். இனி ஒருவர் கண்ணிலும் அவன் கை லென்ஸ் வைக்கக் கூடாது. ஊரார் பார்க்க அவன் தலை குனிய வேண்டும். இவை இரண்டும் நடக்காமல் நான் ஓய்வதில்லை.

முதலில் நினைத்ததெல்லாம் கல்லும் பெற்றோலும்தான். எத்தனை சனிக்கிழமை அந்த மரப்படியை மனதுக்குள் கொளுத்தினேன் என்று கணக்கில்லை. பொலிஸில் சொல்லலாம் என்றால் பில் இல்லை, சாட்சி இல்லை. என்னிடம் இருந்தது ஒரு சோக்குக் கட்டியும் வகுப்புக்கு முப்பது பிள்ளைகளும்.

பிரிஸ்டல் போட் அட்டையில் என் கண்ணை வரைந்தேன். புத்தகத்துக் கண் அல்ல, என் இடது கண். விழிவெண்படலத்தில் வெள்ளைத் தழும்போடு. ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரைக்கும், பாடத்திட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தப் படத்தை நடத்தினேன். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, துடைத்துக் காயவைத்த பிறகுதான் லென்ஸைத் தொட வேண்டும். பீலியோ பைப்போ கிணறோ, எந்தத் தண்ணீரும் லென்ஸில் படக் கூடாது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்ற வேண்டும். மருந்துத் தண்ணீரை மிச்சம் பிடித்து மறுநாள் பாவிக்கக் கூடாது. கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாலும் களிம்பும் வேண்டாம். கடைசியில், எந்தக் கடையில் எனக்கு இது நடந்தது என்பதையும் சொல்லுவேன்.

"சேர், அமீபாவுக்குக் கண்ணு இருக்கா?" என்று ஏழாம் வகுப்புக்காரி ஒருத்தி கேட்டாள்.

"இல்லை."

"அப்ப எப்புடி சேர் ஒங்க கண்ணத் தேடிக் கண்டுபுடிச்சுச்சு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அது தேடி வரல. ஒரு ஆளு வழிகாட்டி அனுப்பினான்," என்றேன்.

பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். வீட்டில் கேட்டவர்கள் மலையில் கொழுந்தெடுக்கும்போது சொன்னார்கள். லுணுகலையில் எனக்குத் தெரிந்த வாத்தியார்களிடம் படத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். மொனராகலைக்கு மாற்றலாகிப் போன ஒருவரும் கொண்டுபோனார். எல்லோரும் என்னைச் சமூக சேவகன் என்றார்கள். அதிபர் கூட்டத்தில் பாராட்டிப் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். ஒவ்வொரு படமும் அவன் கடைப் படியில் ஏறும் ஒரு காலை வெட்டுவதற்காக வரைந்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

மூன்று வருடம் போனது. பிறகு கலர் லென்ஸ் வந்தது. பூனைக் கண்ணோடு ஒரு பெண்ணின் பெரிய படத்தை அவன் ஜன்னலில் ஒட்டினான். என் படங்கள் போய்ச் சேராத தோட்டங்களிலிருந்து, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் என்று இளம்பெண்கள் படியேறினார்கள். பஸ் நிலையத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என் மூன்று வருடத்தை ஒரு படம் மூன்று வாரத்தில் தின்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை பீலியில் ஒரு ஜாம் போத்தல் தண்ணீர் பிடித்தேன். ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மூடி, நாலு நாள் வைத்தேன். சனிக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் படியேறினேன்.

நாற்காலியில் ஒரு பெண். கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது. பக்கத்தில் அவள் அம்மா. கண்ணாடி உடைந்து ஒட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரு பெரியவர். இன்னும் நாலைந்து பேர். முன்பு பார்த்த அதே இளம்பெண்தான் பெட்டி திறந்துகொண்டிருந்தாள். அவன் அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நானும் லயத்துல பொறந்தவன்தான். ஒங்க பீலித் தண்ணி இருக்கே, இளநி..."

"அந்த இளநியத்தான் கொண்டாந்திருக்கேன்," என்று போத்தலை மேசையில் வைத்தேன்.

"யாரு தம்பி?"

அவனுக்கு என்னைத் தெரியவில்லை. மூன்று வருடம் சோற்றிலும் தண்ணீரிலும் நான் அவனை நினைத்திருக்கிறேன். அவன் என்னை மறந்தே போயிருந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். அந்த அம்மா "முருகா!" என்றார்.

"ஓ, நீயா. அந்தப் பழைய கத."

"பழசு இல்லைங்க. நாலு நாளுதான். நீங்க சொன்ன பீலித் தண்ணி, நீங்க சொன்ன உப்பு. ஒரு லென்ஸ இதுல நனைச்சு ஒங்க கண்ணுல போடுங்க. போட்டுட்டீங்கன்னா, எங்கண்ணு போனது என் தப்புன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டு ஒங்க கால்ல விழுந்துட்டுப் போறேன்."

"போடா பைத்தியம்."

"போட்டுத்தான் காட்டுங்களேன் முதலாளி," என்றார் கண்ணாடி ஒட்ட வந்த பெரியவர். "பச்சத் தண்ணிதானே. நாங்க குடிக்கிறோம்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. "எனக்கு என்ன பயமா?" என்று ஒரு லென்ஸை எடுத்துப் போத்தலில் போட்டு, விரலால் துழாவி எடுத்து, ஆட்காட்டி விரல் நுனியில் நிறுத்தினான். மறுகையால் கீழிமையை இழுத்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் அப்படித் தூக்க மாட்டான். அவன் மறுப்பான், மழுப்புவான், கூட்டம் பார்க்கும் என்றுதான் நான் வந்தேன். அவனோ நாலு நாள் தண்ணீரைத் தன் கண்ணுக்கே கொண்டுபோகிறான். ஐந்து படை, அரை மில்லிமீட்டர், இரத்தமில்லாத இடம், காவலுக்கு ஆள் குறைவு. எனக்கு எல்லாம் தெரியும். அந்தக் கடையில் அதையெல்லாம் வரைந்து பெயர் குறிக்கக் கூடிய ஒரே ஆள் நான். வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொன்னால் போதும்.

நான் சொல்லவில்லை. மறந்துபோகவும் இல்லை, திகைத்துப்போகவும் இல்லை. போடட்டும் என்று நின்றேன்.

"முதலாளி, வேணாம்!" என்று அந்த இளம்பெண் பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். லென்ஸ் பலகைத் தரையில் எங்கோ விழுந்தது. "போட்டுறாதீங்க, கண்ணு போயிரும்!"

"என்ன புள்ள சொல்ற?"

"அந்தத் தாள்லயே போட்டிருக்கே முதலாளி, எந்தத் தண்ணியும் படக்கூடாதுன்னு! நான் வந்த புதுசுல வாசிச்சுச் சொன்னேன். வெள்ளக்காரன் ஆயிரம் எழுதுவான், கிழிச்சுப் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒங்களுக்குத்தான் இங்கிலீசு வராதே, நான் சொன்னதையாவது கேட்டிருக்கலாம்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் யாருக்கு முன்னால் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணப் பெண்ணின் அம்மா எழுந்து மகளின் கையைப் பிடித்தார்.

"எந்திரி புள்ள. உள்ள கண்ணு போதும் நமக்கு."

அவர்கள் இறங்கினார்கள். பின்னால் மற்றவர்களும். பெரியவர் தன் உடைந்த கண்ணாடியை ஒட்டாமலே வாங்கிக்கொண்டு போனார். அவன் வெள்ளைக் கோட்டோடு நின்றான். ஈர விரல் இன்னும் நீட்டியபடி இருந்தது. அந்தத் தாளை வாசிக்கத் தெரியாதவன் என்று எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டுமாம். பிறகு இதைக் கேட்ட ஒரு நண்பன் அப்படிச் சொன்னான். என் அப்பாவுக்கும் வாசிக்கத் தெரியாது. தனக்குத் தெரியாத ஒன்றை அவர் யார் கண்ணிலும் வைத்ததில்லை.

படியிறங்கும்போது அந்த இளம்பெண் பின்னாலேயே வந்தாள்.

"சேர், நீங்கதானே அந்தப் படம் போட்ட வாத்தியார்? ஒங்களுக்குத் தெரியுந்தானே. அவரு போடப் போனாரு. ஏன் நீங்க வாயே தொறக்கல?"

"போட்டிருந்தா சரிக்குச் சரியா போயிருக்கும்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. அன்றோடு அவளுக்கு வேலை போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். அது மட்டும் எனக்கு உறுத்துகிறது. மற்றது உறுத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை ஜன்னலில் பூனைக் கண் இல்லை. இப்போது அவன் மூக்குக் கண்ணாடி மட்டும்தான் விற்கிறான். பதுளைக்குப் போகும்போதெல்லாம் நின்று அந்த ஜன்னலை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.

அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா பீலியில் கால் கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தார். நடந்ததை வாசலிலேயே சொன்னேன். தோளில் துண்டோடு நின்று கேட்டார். போட்டுக் காட்டச் சொல்லிப் பெரியவர் கேட்டதை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். அந்த இளம்பெண் தட்டிவிட்டதைச் சொன்னபோது என்னைக் கூர்ந்து பார்த்தார். அந்த நேரத்தில் நீ என்ன செய்தாய் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லத் தயாராகவும் இருந்தேன்.

"லென்ஸத் தூக்குனான்ல, அப்ப அவன் கை நடுங்குச்சா?" என்றார்.

நடுங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் எடுப்பவன் போலத்தான் அதை எடுத்தான்; விரல் நுனியில் லென்ஸ் ஒரு மயிரளவும் அசையவில்லை. அப்பாவின் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு ஆசை இருந்தது.

"நடுங்குச்சுப்பா," என்றேன்.

"நல்லா?"

"நல்லா நடுங்குச்சு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் சொல்ல உள்ளே போனார்.